யாரும் தொடவில்லை

பந்து அப்போது என்னிடம் வரவேயில்லை.
திரும்பினேன். அவ்வளவுதான்.
பயற்றங்காய் ஒடிக்கிற சத்தம்
எனக்குள்ளிருந்து கேட்டது.

நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டு எடுத்தார்.
யாருக்கு அட்டை காட்டுவது?
கிட்ட ஒருத்தியும் இல்லை.
புழுதியும், மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த குழியும்,
தம்பியின் பூட்ஸ் போட்ட என் இடது காலும்.

மண்டூரில் இருந்து பெரியாசுபத்திரிக்குப் போவதென்றால்
வாவியைக் கடக்க வேண்டும்.
கடத்திவிடுகிற மிதவைக்கு எங்களூரில் பாதை என்று பெயர்.
காத்திருந்தால் பாதை வரும்,
பிந்தினால் பாதை போய்விடும்.
மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன்பெட்டிகளுக்கும் நடுவில்
காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.
"என்ன புள்ள, சறுக்கி விழுந்தயா?"
ஓம் என்றேன்.
பந்து விளையாடினேன் என்றால்
குறுமண்வெளி வரும்வரை கதைக்க வேண்டி வரும்.

டொக்டர் தாளில் இரண்டு கோடு கீறினார்:
உள்ளே குறுக்காக இரண்டு நார், சிலுவைபோல;
முன்னால் இருப்பது அறுந்திருக்கும்.
இருக்கும் என்றுதான் சொன்னார்.
படம் எடுத்துப் பார்க்கத் தேதி டிசம்பர் பதினாறு.
அப்போது ஜூன்.

மெல்பேர்னில் என் மச்சாள் அபிரா
முட்டை வடிவப் பந்தோடு ஓடுகிறவள்.
எழும்பி, இன்னொருத்தியின் தோளுக்கு மேலே
பந்தைப் பறித்துக்கொண்டு இறங்குகிற ஆட்டம்.
அவளுக்கும் இடது கால். அவளையும் யாரும் தொடவில்லை.
பதினோராம் நாள் வெட்டித் தைத்தாகிவிட்டது.
தழும்பைக் காட்டக் கைப்பேசியைக் கிட்டக் கொண்டுபோனாள்;
முழங்கால் ஒரு முகம்போலத் திரையை நிறைத்தது.
"எங்கட டீமில இந்த வருசம் நான் நாலாவது.
பொம்பிளையளுக்குத்தான் கூட நடக்குதாம்.
இடுப்பு அகலம் எண்டுறாங்க, மாதவிலக்கு எண்டுறாங்க,
பூட்ஸே ஆம்பிளைக் காலுக்குத் தைச்சதாம்.
உங்கட டீமில எத்தினை பேர்?"

நான்தான் முதல் என்றேன்.

மறுகா ஒருநாள், கிளினிக் முடிந்து வருகையில்
பாதையில் ஒரு பெண் ஏறினாள். இடுப்பில் பிள்ளை.
பலகையில் வலது காலை வைத்து,
இடதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து,
அதற்குப் பிறகே அடுத்த அடி.
என்னைப் போலவே.
முகத்தைக் கடைசியில்தான் பார்த்தேன்: சிவந்தினி அக்கா.
ஏழாம் இலக்கம். மாகாண அணிக்கு ஆடியவள்.
கலியாணம் முடிச்சு விட்டுட்டாள் என்றுதான்
எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"எந்தக் கால்?"
"இடது."
"எனக்கும்." கொஞ்சம் பொறுத்து,
"அது நடந்து ஏழு மாசத்துக்குப் பிறகுதான் கலியாணம்."
பிள்ளை என் ஊன்றுகோலைப் பிடித்து இழுத்தது.

அன்றிரவு கொப்பியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.
வெளிநாடு போனாள் என்று கேள்விப்பட்டவளை,
படிப்புக்காக நின்றவளை,
வீட்டில் விடவில்லை என்றவளை,
தேடித் தேடிக் கோல் எடுத்து: எந்தக் கால்?
ஒன்பது பேர்.
ஒருத்தி அழுதாள். ஒருத்தி கட் பண்ணினாள்.
கிருத்திகா மட்டும்,
"ஏன்கா, நட்டஈடு தரப்போறாங்களா?" என்று சிரித்தாள்.

அபிராவுக்கு அனுப்பினேன்: நான் பத்தாவது.

இப்போது சனிக்கிழமைகளில் வெள்ளாமை வெட்டிய வயலில்
சின்னவர்கள் கயிறு போட்டுக் குதிக்கிறார்கள்,
இறங்கப் பழகுகிறார்கள்.
நான் வரம்பில், கண்ணை மூடிக்கொண்டு.
முழங்கால் உள்ளே மடிகிறவளின் பாதம்
வேறு மாதிரிச் சத்தம் போடும்.
"டிலோஜினி, திரும்பக் குதி" என்கிறேன்.
பாக்காம எப்பிடித் தெரியும் என்று முறைக்கிறாள்.

படம் எடுக்க இன்னும் எழுபத்தொரு நாள்.
வெள்ளம் வந்தால் பாதை ஓடாது.