இரண்டு பெட்டிகள்

ரேகன்ஸ்பர்க். டான்யூப் பெருகி வடிந்த வாரம்.
அகராதி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
ரோஸ்வித்தாவுக்கு விழுந்த வினை தெக்ஸோ:
நெய்கிறேன்.
எதிர் மேசையில் எனக்குத் திமேயோ:
அஞ்சுகிறேன்.

எண்ணூற்றுச் சொச்சம் சீட்டுகள்.
இரண்டே அட்டைப்பெட்டிகள்.
இடப்பக்கம் நேர்ப்பொருள்,
வலப்பக்கம் ஏற்றிய பொருள்.

கம்பளி நெய்தவள் இடம்.
கூடை முடைந்தவன் இடம்.
சிலந்தி, சற்றே தயங்கி, இடம்.
சூழ்ச்சி பின்னியவன் வலம்.
பேச்சு தொடுத்தவன், கடிதம் புனைந்தவன் வலம்.
துரத்துகிறவனை ஏய்க்க
வளைந்து வளைந்து ஓடியவனும் வலம்;
அவன் பாதைக்கும் இதே வினைதான்.

பிறகு வந்தது அந்தச் சீட்டு:
தச்சன் ஒருவன் கப்பல் நெய்கிறான்.

பலகையை நெய்வார்களா, என்றாள்.
வேர்வழியில் தச்சனும் இவளுக்குப் பங்காளி, என்றேன்.
உளியும் ஊடையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
அது எனக்கும் தெரியும்.
எந்தப் பெட்டி? அதைச் சொல்.
சொல்லவில்லை.
என் வேலை அஞ்சுவது.

மூன்று நாள் ஜன்னல் விளிம்பில்,
அவள் காப்பிக் கோப்பைக்கு அடியில்
கிடந்தது கப்பல்.

நான்காம் நாள் முன்னொட்டுகள் வந்தன.
ப்ரைதெக்ஸோ: முன்விளிம்பில் நெய்வது,
சிறுவர் அங்கிக்குச் செந்நீலக் கரைபோல.
கரை எடுப்பாய் இருந்தால்
துணியை யார் பார்க்கிறார்கள்?
ஆகவே அதற்கே இன்னொரு பொருள்:
சாக்குச் சொல்வது.

பேனா நின்றது.
அஞ்சல் தட்டில் ஒட்டிய உறை ஒன்று.
ருப்ரெக்ட், படகுத்துறை, பாசாவ்.
அவள் தம்பி. பதினான்கு மாதம் கட்டிய தட்டைப்படகை
ஞாயிறன்று நீரில் இறக்குகிறான்.

முதல்நாள் எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள்.
முழங்கால் வலி. தண்டவாளத்தில் சேறு.
மாதக் கடைசிக்குள் தெக்ஸோவை முடித்தாக வேண்டும்.
நன்றாக வந்திருக்கிறது என்றும் சொல்லிவைத்தேன்.
எல்லாம் உண்மை.
ஓர் இழைகூடப் பொய்யில்லை.
நெசவுதான் பொய்.

அடுத்த சீட்டு ரெதெக்ஸோ:
நெய்ததைப் பிரித்தல்,
சொன்னதைத் திரும்பப் பெறுதல்.
வாய்விட்டுப் படித்தாள்.
காகிதக் கத்தியை எடுத்து
உறையை விளிம்போரம் கீறினாள்.
எந்தப் பெட்டிக்குரிய சத்தமோ அது.

எதிர் மேசைக்காரர்களுக்குத் தலைகீழாய்ப் படிக்க வரும்.
"ருப்ரெக்ட்,
பலகையோடு பலகை சேர்க்கையில்
ஒன்றன் மேலும் கீழுமாய் விட்டு எடுக்கிறாயா,
இல்லை வெறும் ஆணிதானா?
வேலை விஷயமாய்த் தெரிய வேண்டியிருக்கிறது."
கடைசி வரியை அடித்தாள்.
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துவிட்டு
"நேரில் காட்டு" என்று எழுதினாள்.

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே வந்தாள்,
கட்டைவிரலில் தார்.
காப்பி வட்டம் பதிந்த சீட்டை எடுத்து
இடப்பக்கம் போட்டாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

என் இழுப்பறையில் இன்னும் அறுநூறு.
வலப்பக்கப் பெட்டியில் இதுவரை ஒன்றுமில்லை.
என்னுடைய சொல்லுக்கு
நேர்ப்பொருள் மட்டும்தான்போல.