மூன்றாவது விசில்

கண் படத்துக்குப் பக்கத்தில் 3.
அதில் ஒன்று நான்,
ஓசை சரியாகப் போகிறதா என்று
கைபேசியில் என்னையே திறந்துவைத்திருப்பவள்.
இன்னொன்று ரோபோ என்கிறாள் தங்கை,
சத்தியமே செய்கிறாள்.
மூன்றாவது யாரென்று தெரியாது.
அந்த மூன்றாவதுக்காகத்தான்
ஏழு மாதமாக “வாங்க, வாங்க” என்கிறேன்,
பந்தியில் இலை போட்டுவிட்டு
வாசலைப் பார்ப்பவள் மாதிரி.

பகலில் சிவாஜிநகரில் கண்ணாடிக்கடை வேலை.
இது தெளிவா, இதுவா?
இப்போ? இப்போ?
கன்னடத்தில், உருதுவில், தமிழில்
லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பேன்.
கடைசி வரியை யாரும் வாசிப்பதில்லை,
ஊகிக்கிறார்கள்.

இரவு பத்தரைக்கு
லிங்கராஜபுரத்து மாடி ஷீட் அறையில்
நானே கடைசி வரி.

அறிவுரைக்குக் குறைவில்லை.
தினமும் ஒரே நேரத்துக்கு வா. வந்தேன்.
முகத்தைக் காட்டு. காட்டினேன்;
வந்த ஒருவன் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
அவனைத் துரத்திவிட்டு 2 ஆனேன்.
பெரிய சேனல்களில் போய் நாலு வார்த்தை பேசு.
பேசினேன், மார்க்கெட் நெரிசலில்
மூக்குத்தி தொலைத்தவள் குரலில்.
ஆயிரத்து நானூறு கொடுத்து வட்ட விளக்கு வாங்கினேன்.
கொசு வந்தது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
நூறு பேர் குதித்த தீவில் நாலு பேர் மிச்சம்.
வட்டம் சுருங்குகிறது.
புல்லில் படுத்து, மூச்சைப் பிடித்து,
காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறேன்.
கீழ்வீட்டுத் திம்மேஷ்
ஏர்போர்ட் டாக்ஸி ஓட்டி முடித்து வந்து
அடுப்பில் ஏற்றிய குக்கர்
மூன்றாவது விசில் அடித்தது.
அந்த விசிலுக்குள் நடந்து வந்துதான்
ஒருத்தன் என்னைச் சுட்டான்.

“அண்ணா, அரிசி வெந்துடுச்சு, நானும்தான்!”
என்று நான் கத்தியதை
யாரோ பதினெட்டு நொடியாக வெட்டி
ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

புதன் 64. வெள்ளி 310.
ஞாயிறு 900 தாண்டியபோது
கைபேசியைக் கவிழ்த்துவைத்தேன், கண் கூசியது.
தூத்துக்குடி, தோஹா, கோலார், ஈப்போ.
யாருக்கும் என் துப்பாக்கி வேண்டாம்,
விசில் வேண்டும்.
மூன்றா நாலா என்று பந்தயம் கட்டினார்கள்.
இன்னைக்குப் பருப்பு, சத்தம் கனமா இருக்கு
என்றான் ஒரு நிபுணன்.
நான் ஆடினேன். அவர்கள் கீழ்வீட்டைக் கேட்டார்கள்.

சொல்லத்தானே வேண்டும்.
மூன்றாம் வாரம் படியிறங்கிப் போய்
உங்க சோத்துக்கு ஆயிரம் பேர் காத்திருக்காங்க என்றேன்.
பாராட்டு என்றுதான் நினைத்தேன்.
திம்மேஷ் குக்கரைத் திரும்பிப் பார்த்தார்,
பிறகு தன் பனியனைப் பார்த்தார்.
“நான் பாடறதும் கேக்குமா?” என்றார்.
அவர் பாடுவார் என்றே எனக்குத் தெரியாது.

மறுநாள் விசில் இல்லை.
அதற்கு மறுநாளும்.
ஒருநாள் நானே ஒரு குக்கர் வாங்கி
தண்ணீர் மட்டும் ஊற்றி ஏற்றினேன்.
“இது காலி” என்று
தோஹாவிலிருந்து ஒருவர் எழுதினார்.
அடுப்பை அணைத்தேன்.
மன்னிப்பும் கேட்டேன்.
410. 150. 52.

நேற்று, மழை விட்டபின், நல்ல நிசப்தம்.
இரண்டு பேர் மிச்சம்,
வட்டம் ஒரு பாய் அளவு.
இடப்பக்கம் சரளையில் ஒரு கால் அழுந்துவது
அவ்வளவு துல்லியமாகக் கேட்டது.
திரும்பினேன். சுட்டேன்.
சேனல் தொடங்கியதிலிருந்து முதல் வெற்றி.

பார்த்தவர்கள் 11.
“அக்கா!!!” என்று எழுதியது
இத்தனை நாளும் வாயே திறக்காத பெயர்,
தங்கையின் ரோபோ.

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
கீழிருந்து வாசம் ஏறி வந்தது,
கஞ்சி வடித்த பானைச் சோறு.
கூடவே, கதவைச் சாத்திக்கொண்டு,
தனக்கு மட்டும் போதுமான சத்தத்தில்
ஒரு பாட்டு.

மைக்கை அணைத்தேன்.
11 அப்படியே நின்றது கொஞ்ச நேரம்,
பிறகு 10.