தலைப்புத்தாள்

எங்கள் ஊரைத் தலைநகர் ஆக்கிய பொருள்
என் களஞ்சியத்துக்குத்தான் முதலில் வந்தது:
பத்துப் பெட்டி தலைப்புத்தாள்.
ஒரு பெட்டியை வழியில் மழை தின்றது.
ஒன்பதுக்குக் கையொப்பம் வைத்தேன்.

தாளின் நெற்றியில்
இரண்டு திசைகளை ஒரு சிறுகோடு கட்டி வைத்திருந்தது.
கீழே, எறும்பளவில், திருகோணமலை.
மாகாணம் இருந்தது, கதிரை இல்லை.
கச்சேரியில் இரவல் வாங்கிய வாங்குகளில்
அமைச்சுகள் உட்கார்ந்தன.
செயலாளரின் மேசைக்கு ஒரு கால் குட்டை;
சுற்றறிக்கைகளை மடித்து முட்டுக் கொடுத்தோம்.
அரசாங்கம் ஆடாமல் நிற்க
சில மாதங்களுக்கு அது போதுமாயிருந்தது.

பிறகு துவக்குகள் கைமாறின.
வாசலில் நின்றவர்களின் உடுப்பு மாறியது, பாஷை மாறியது,
பையைத் திறக்கச் சொல்லும் விரல் மட்டும் மாறவில்லை.
சபை கூடாத மண்டபத்தில்
வருசா வருசம் ஒலிவாங்கிகளை எண்ணி எழுதினேன்:
முப்பத்தாறு. பேசியவை: இல்லை.
கணக்காய்வாளர் அந்தக் கடைசி வரியைச் சிவப்பால் வெட்டினார்.

வெளியூரார் கேட்பார்கள், எங்கே உங்கள் தலைநகர்?
எதைக் காட்ட?
கோணேசரிடம் போகும் வழியெல்லாம் இராணுவ முகாம்.
சீனக்குடாவில் காடேறிய எண்ணெய்க் குதங்கள்,
உள்ளே எண்ணெய் இல்லை, எதிரொலி உண்டு.
மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியைக் காட்டலாம்.
ஊர் குழம்பினால் முதல் கதவு அங்கேதான் பூட்டும்.
இரும்புக் கதவுகள் இறங்கும் சத்தத்தில்
நேரம் சரிபார்த்தவர்கள் நாங்கள்.

அந்த வைகாசியில், விடியப் பார்த்தால்,
சந்தையடியில் ஒரு சிலை இருந்தது.
மத்தியானத்துக்குள் கறுப்புக் கொடி,
பின்னேரம் எங்கோ கைக்குண்டு, இருட்டமுன் ஊரடங்கு.
கந்தோரில் மூன்று பேர் அகப்பட்டோம்:
நான், தட்டச்சு மர்ழியா, காவலாளி குணபால.
ஒரு றாத்தல் பாண். ஒரு மீன் ரின்.
இரண்டாம் இரவு ஜீப் தருவதாகச் சொன்னார்கள்.
மூன்று பாஸ் அடித்தாள் மர்ழியா, தலைப்புத்தாளிலேயே.
அப்போதுதான் தொடங்கியது வாக்குவாதம்:
யாரை முதலில் இறக்குவது?
அபயபுரவில் குணபாலவை இறக்கினால்
அதன்பின் எங்களுக்காகச் சிங்களத்தில் பேச ஆளில்லை.
ஜமாலியாவில் அவளை இறக்கினால், பாலையூற்றில் என்னை இறக்கினால்,
மிஞ்சுகிறவர் யாருடைய தெருவைத் தனியே கடப்பது?
ஊரின் படத்தைத் தரையில் சோக்கால் கீறினோம்.
எந்தக் கோடும் மூன்று பேரையும் வீடு சேர்க்கவில்லை.
குணபால சோக்கைக் கீழே வைத்து
“ஜீப் வேணாம் மிஸ்” என்றான்.
மூன்றாம் இரவும் அங்கேயே படுத்தோம்,
மூன்று மேசைகளில்,
மின்விசிறியை யார் பக்கம் திருப்புவதென்று
சண்டை பிடித்துக்கொண்டு.

அடுத்த வருசம் கொழும்பில் தீர்ப்பு வந்தது.
சிறுகோடு செல்லாது என்றார்கள்.
எனக்குச் சுற்றறிக்கை: புதிய தாள் கிடைக்கும்வரை
பழையதில் ‘வடக்கு’ என்பதை வெட்டிப் பாவிக்கவும்.
அடிமட்டம் வைத்து வெட்டினேன்,
ஒரு நாளைக்கு முந்நூறு தாள்.
என் அக்கா கிளிநொச்சியில் இருந்தாள்.
நான் அழவில்லை. நீல மை கையில் ஒட்டியது,
சோறு பிசைந்தபோதும் போகவில்லை.

பிறகொரு நாள் வடக்கின் பங்கு லொறியேறியது.
கோப்புகளை அலுமாரியோடு கட்டினார்கள்.
கதிரைகளைப் பாதிபாதியாகப் பிரித்ததில் ஒன்று மிஞ்சியது.
யாருக்கும் எழுத மனம் வரவில்லை.
இன்றும் பதிவேட்டில் அது இரண்டு மாகாணத்திலும் இல்லை.
குணபால ஓய்வு பெறும்வரை அதில்தான் இருந்தான்.

வெட்டியும் பாவிக்காத தாள்களை
எரிக்கச் சொன்னார்கள்; நெருப்பு வைக்க மர்ழியா விடவில்லை,
இந்த ஊரில் எரிந்தது காணும் என்றாள்.
பஸ் நிலையத்தடியில் கடலைக்காரனுக்குக் கொடுத்தோம்.
சுருள் சுருளாய்ப் போயிற்று.
கோட்டையிலிருந்து இறங்கிவரும் மான்களுக்கு
காகிதம் பிடிக்கும், உப்புப் பட்டதென்றால் இன்னும்.
நேற்றும் ஒன்று நின்றது,
கொம்பில் யாரோ கட்டிய நைலோன் கயிற்றோடு,
நிதானமாக மென்றுகொண்டு.
கிட்டப் போய்ப் பார்த்தேன்,
வாய்க்கு வெளியே மிச்சம் தெரிந்தது:
எறும்பளவில், ஊர்ப்பெயர்.