பன்னிரண்டு நிமிடம்

ஒன்பது இருபதுக்குக் கன்வேயர் பட்டை நிற்கும்.
காதடைப்பான்களைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு
காட் மீன் வாடையோடு வந்து உட்காருவோம்.
காப்பிக்கு இரண்டு நிமிடம்,
மீதிப் பத்தும் கொலைக்கு.

போன வருஷம் எங்கள் போலுங்கர்விக்கில்தான்
அந்தத் தொடரைப் படம்பிடித்தார்கள்.
துறைமுகச் சுவருக்கு நீலச் சாயம் பூசினார்கள்,
மழை போதவில்லை என்று
தீயணைப்பு வண்டியை வரவழைத்துப் பீய்ச்சினார்கள்.
இந்த ஊரில்! மழை போதவில்லையாம்.
இப்போது ஊர் உலகமெல்லாம் பார்க்கிறது, ஆறு பாகம்.
நாங்களும் பார்க்கிறோம்,
மாதச் சந்தா கட்டி, எங்கள் ஜன்னல்களை.

"கத்தியை அப்படிப் பிடித்தால்
கொலைகாரனுக்குத்தான் கட்டைவிரல் போகும்"
என்றாள் பொகுமீவா.
பதினோரு வருஷமாக முள் எடுப்பவள்,
அவள் சொன்னால் அப்பீல் கிடையாது.
லுவால்ஹாதிக்குத் துப்பறிகிறவளைப் பிடிக்கவில்லை:
"எந்நேரமும் கடலைப் பார்த்து நிற்கிறாள்.
துணி எப்போது துவைப்பாள்?
ஆறு பாகத்துக்கும் ஒரே ஸ்வெட்டர்."
எனக்குப் பிடித்திருந்தது. சொன்னேன்.
லித்துவேனியர்களுக்கு அழுமூஞ்சிகள் என்றால் உயிர் என்று
தீர்ப்பாயிற்று.

கடைசிக் காட்சியில் அவள் அவனிடம் என்ன கேட்டாள்
என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை.
என் மொழியில் கீழே ஓடிய எழுத்து, "மன்னித்துவிடு."
லுவால்ஹாதி படித்தது, "விட்டுவிடு."
பொகுமீவாவுக்குப் போலிஷ் குரல்,
ஆணுக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும்
தூக்கம் கலையாத ஒரே ஆள்.
அவன் அந்த இடத்தில் ஒன்றுமே சொல்லவில்லையாம்.
"அதுதான் சரி" என்கிறாள்.

ஹல்ஃப்ரிதுர் நான்காம் பாகத்தில் நிற்கிறாள்.
யாராவது ஐந்து என்று வாயெடுத்தால்
காதடைப்பானை மேலேற்றிக்கொள்வாள்.
இத்தனைக்கும் முதல் பாகத்தின் பிணம் அவள்தான்.
நாற்பது நிமிடம் கூழாங்கல்லில் கிடந்ததற்கு
ஒரு நாள் கூலி, ஒரு வார ஜலதோஷம்.
"என்னைக் கொன்றது யார் என்று
நானே தெரிந்துகொள்கிறேன்,
நீங்கள் புட்டுப் புட்டு வைக்க வேண்டாம்."
மூச்சு விட்டது தெரிகிறது, இடது நாசி.
அவள் ஒப்புக்கொள்வதில்லை. அலையாம் அது.

டோர்வி மட்டும் பார்க்கவில்லை.
எதிர் மேசையில் கம்பு ரொட்டிக்கு
வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பான்.
அன்றைக்கு நாங்கள் மூன்றாம் பாகத்தில் இருந்தோம்:
செவ்வாய் இரவு படகு கவிழ்கிறது,
வெள்ளி காலை கலங்கரை விளக்கத்தின் அடியில்
ஒதுங்குகிறான் படகோட்டி, முகம் கலையாமல்.

"மூன்று நாளா?" என்றான் டோர்வி.
"பத்தொன்பது. அதுவும் மேல்காற்று அடித்தால்.
கலங்கரைப் பக்கம் வராது.
அக்கரையில், ஆடு இறங்கும் பாறை இடுக்கில்.
முகம் என்று..."
மிச்சத்தை ரொட்டியோடு மென்று விழுங்கினான்.

அவன் தம்பி விஷயம் எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்தும் ஐந்து வாரமாக
அந்தப் படகை அவன் எதிரில் வைத்தே
கவிழ்த்துக்கொண்டிருந்தோம்.

குளிர்பெட்டி உறுமிற்று.
பொகுமீவா தொண்டையைச் செருமினாள்:
"அப்போ அது தப்பு.
நாலு நட்சத்திரம் கொடுத்திருந்தேன், ஒன்றைக் குறைக்கிறேன்."

"இரண்டாகக் குறை" என்றான்.
"கத்திக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று."

கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

பிறகு கோப்பையைக் கழுவப் போகிறவன் போல எழுந்து,
முதுகைக் காட்டிக்கொண்டு,
"சரி, யார்தான் செய்தது?"

ஹல்ஃப்ரிதுர் எங்களைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.
காதடைப்பானை மேலேற்றிக்கொண்டாள்.
போதாதென்று கண்ணையும் மூடிக்கொண்டாள்,
முதல் பாகத்தில் கிடந்தது போலவே,
இடது நாசி லேசாக அசைய.

ஒன்பது முப்பத்தொன்று.
மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம்.