காசுச் சோதனை

சேலத்தில் ஒரு சீனியரிடம் வாங்கினேன்
முதல் வருடத்து எலும்புகளை.
அரை செட் ஐயாயிரம்.
தோள்பட்டையில் கீறல் என்று காட்டியதும்
ஐந்நூறு குறைத்தார்.
தொப்பூர் வளைவுகளில்
பஸ் சாயும்போதெல்லாம்
அட்டைப்பெட்டிக்குள்
யாரோ ஒருவர் என் மடியில் உருண்டார்.

முள்ளெலும்புகளைச் சணலில் கோத்து
ஹாஸ்டல் ஜன்னலில் கட்டினேன்.
துணி காயப்போடும் இடம் இது
என்று கத்தினார் வார்டன்.

ஏழாவது முள்ளை
ஃபர்ஹானாவின் பிடரியில்தான் கண்டுபிடித்தேன்.
குனிந்தால் முதலில் முட்டிக்கொண்டு வருவது.
அங்கிருந்து கீழே, ஒவ்வொன்றாக.
கண்ணை மூடிக்கொள்,
விரலுக்குக் கண் முளைக்கும் என்றாள் அவள்.
பதினொன்றில் கூச்சம் தாங்காமல் சிரித்துவிட
மறுபடி முதலிலிருந்து.

மூன்றாம் வருடம்
குடிநீர் பற்றிய வகுப்பில்
திரையில் ஒரு வாய் வந்தது.
பழுப்புக் கோடு ஓடிய பற்கள்,
ஓரங்களில் அரித்த குழி.
என் வாய்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
திரும்பாமலிருக்க அவர்கள் பட்ட பாடு
என் பிடரியில் தெரிந்தது,
சரியாக ஏழாவது முள்ளில்.

எலும்பு வார்டில் பதினான்காம் படுக்கை.
தீர்த்தகிரி, ஐம்பத்திரண்டு,
மாரண்டஅள்ளிக்குத் தெற்கே தக்காளித் தோட்டம்.
ஒரு ரூபாயைத் தரையில் வைத்தேன்.
முட்டி மடக்காம எடுங்க.
துருப்பிடித்த கேட் போல இறங்கி
ஒரு சாண் மேலே நின்றுபோனார்.
தாடையை நெஞ்சுல வைங்க.
வரவில்லை.
கையைத் தலைக்குப் பின்னால கொண்டுபோங்க.
காதுவரை வந்தது.

மூணுலயும் ஃபெயிலாம்மா?
மார்க் போடறது நானில்லீங்க.

முதுகில் விரல் வைத்தேன்.
முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே
பள்ளம் தேடிப் பழகிய விரல்.
பள்ளமே இல்லை.
சட்டைக்குள் ஒரு மண்வெட்டிக் காம்பு.
எக்ஸ்ரேயில் அவர்
வெள்ளையடித்த சுவராக இருந்தார்.

நான் எழுதிக்கொண்டிருக்கையில்
என் வாயையே பார்த்துவிட்டுக் கேட்டார்:
எந்த ஊரு?
பாலக்கோடு பக்கம்.
அதானே.
போரு எத்தினி அடி?
எண்ணூத்தம்பது.
எங்களுது ஆயிரத்து நூறு, என்றார்
கார் வாங்கியவர் போல.

அந்த வார்டில் அதுவரை நான் கேட்டவற்றில்
மிகத் துல்லியமான நோயறிதல்
அந்த 'அதானே'தான்.

மாத்திரை போட்டா சரியாப் போகுமா?
புத்தகத்தில் சிகிச்சை என்ற தலைப்புக்குக் கீழே
மூன்றே வரி.
முதல் வரி: தண்ணீரை மாற்றவும்.
ஆத்துத் தண்ணி வருதுங்களா?
வியாழக்கெழமை வரும்.
வந்தா.

ஒன்பது நாள்
காலை ரவுண்ட்ஸுக்கு முன்பு
அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது,
மூட்டு எங்கே மறுக்கிறதோ அங்கே நின்று
அது மூச்சுவிடும்வரை காத்திருக்க வேண்டும்.
காத்திருந்தேன்.
பின்னால் யாரோ வாந்தியெடுத்தார்கள்,
ஒரு செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.
பத்தாம் நாள் கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
எட்டு டிகிரி கூடியுள்ளது.

எட்டு டிகிரிய வெச்சி என்னா பண்ணலாம்?
யோசித்துச் சொன்னேன்:
சட்டையை நீங்களே கழட்டலாம்.
கழட்டினார்.
உடனே திரும்ப மாட்டிக்கொண்டார்,
பெண்கள் நடமாடும் இடம் என்று.

டிஸ்சார்ஜ் அன்று சாயங்காலம்
படுக்கை உறை உருவப்பட்டிருந்தது.
கட்டில் காலருகே
அந்த ஒரு ரூபாய்,
முதல் நாள் வைத்தது, பெருக்கியவர் கண்ணிலும் படாதது.
சுற்றிலும் பார்த்தேன்.
முட்டி மடக்காமல் குனிந்தேன்.
விரல் தொட்டது.

எடுக்காமல் நிமிர்ந்து
இன்னொரு தடவை குனிந்தேன்.