தொட்டிலில் கிடந்த இரும்பு

சுரங்கத்தை இழுத்து மூடிய ஆண்டு
ஒன்பது பிள்ளைகளுக்கு ஏழு ஜோடி பூட்ஸ்.
நாளை யார் பள்ளிக்கூடம் போவதென்று
அம்மா வாய்திறந்து சொல்லமாட்டாள்.
அடுப்போரம் எந்த பூட்ஸ் காய்கிறதோ
அதைப் பார்த்து நாங்களே தெரிந்துகொள்வோம்.

அப்பா ஜன்னலருகே உட்கார்ந்து இருமுவார்.
பென்சில்வேனியா நிலக்கரியில் பாதி
இவர் நெஞ்சுக்குள்தான் கிடக்கிறது,
வெட்டியெடுத்தால் ஒரு குளிர்காலம் ஓட்டிவிடலாம் என்பாள் அம்மா.
அவர் சிரிப்பார்.
சிரிப்பும் இருமலில்தான் போய் முடியும்.

உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரில் ரொட்டிக்கு மாவு பிசைவாள்.
மிஞ்சிய தண்ணீர்
ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகளுக்குக் கஞ்சி.
கோயிலில் மற்றவர்கள் மண்டியிடும்போது
எங்கள் வரிசை மட்டும் மொடமொடக்கும்.

எல்லோரும் தூங்கிய பிறகு
சட்டை ஆலையிலிருந்து வந்த மூட்டையை அவிழ்ப்பாள்.
ஒரு டஜன் காலருக்குப் பதினொரு சென்ட்.
அடுத்த வீட்டுக்குக் கேட்காதிருக்க
தையல் மிஷினின் கால்களுக்குக் கீழே பழைய கோட்டை மடித்து வைத்திருப்பாள்.
வருமானம் உண்டென்று தெரிந்தால்
நிவாரணம் நின்றுவிடும்.

நிவாரண ஆபீஸ் பிரிட்சர்ட் நல்ல மனிதர்.
அதுதான் தொல்லை.
கெட்டவன் வாசலோடு போய்விடுவான்,
நல்லவர் தொப்பியைக் கழற்றிவிட்டு
எல்லா அறைக்கும் வருவார்.

அவர் முதன்முதலாகத் தெருமுனை திரும்பியதை
ஓல்கா ஓடிவந்து சொன்னாள்.
இரண்டு திருகாணி.
மேசையிலிருந்து மிஷின் தலை தனியாக வந்தது.
தெயோதோர் வளர்ந்து காலியாகக் கிடந்த தொட்டிலில் அதைக் கிடத்தி
கம்பளி போர்த்தி,
சக்கரம் இருந்த பக்கம் குல்லாய் மாட்டி,
"ஆட்டுடி" என்றாள் என்னிடம்.

ஆட்டினேன்.
பாரவண்டி போலக் கிறீச்சிட்டது தொட்டில்.
பிரிட்சர்ட் குனிந்தார்.
என் கை வேர்த்தது.
"பெயர்?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் அம்மா
ஒரு மூச்சு தாமதித்தாள்.
"ஸ்டெஃபான்."

எழுதிக்கொண்டார்.
குழந்தை விழித்துவிடக் கூடாதென்று
குதிகால் தூக்கி நடந்து வெளியே போனார்.
நாங்கள் ஒன்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.
அப்பா சிரிக்கவில்லை.
கோட்டு போடாமல் பனியில் இறங்கிப் போனார்,
இருட்டிய பிறகுதான் திரும்பினார்.

அடுத்த மாதப் பொட்டலத்தில்
கூடுதலாக இரண்டு டப்பா பால்பவுடர்.
இரவெல்லாம் உழைத்து
பகலெல்லாம் தூங்கி
தன் பாலையும் எங்களுக்கே கொடுத்த தம்பி அவன் ஒருவன்தான்.

ஆனால் வசந்தம் வந்தால் பிள்ளை தவழ வேண்டும்.
அதற்கடுத்த வசந்தம் நடக்க வேண்டும்.
இரும்பு எங்கே நடக்கும்?

ஒரு திங்கட்கிழமை
அம்மா கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு
தனியாக நிவாரண ஆபீசுக்குப் போனாள்.
பிரிட்சர்ட் பெயரை அடித்தாராம்.
பஸ் வரும்வரை மழையில் கூடவே நின்றாராம்.

வந்தவள் கறுப்புத் துணியை அவிழ்க்கவில்லை.
ரொட்டியை வெட்டிக் கொடுத்தாள், தான் தொடவில்லை.
அன்று இரவு மிஷின் ஓடவே இல்லை.
பொய் சொன்ன பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு வருடம் கழித்து
என் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சீட்டு வேண்டியிருந்தது.
பாதிரியார் பதிவேட்டைத் திறந்து விரலால் தேடினார்.
அண்ணன் வசீலுக்கும் எனக்கும் நடுவே ஒரு வரி.
ஸ்டெஃபான். மிஹாலுக்கும் பராஸ்காவுக்கும் பிறந்தவன்.
நாலு நாள்.

அதுவரை
நான் ஏழாவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.
எனக்குத் தெரிந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்:
விடியுமுன் எழுந்தாள்,
ஊசியை மாற்றினாள்,
சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
கொஞ்ச நேரம் கையை அதன்மேல் வைத்திருந்தாள்.
பிறகு நேற்றைய பாக்கியையும் சேர்த்து
எட்டு டஜன் காலர்.