1003

குலசேகரம் ரப்பர் கடையில்
விண்டோஸ் ஒன்று, உபுண்டு ஒன்று.
நடுவே நீல வயர்,
ஷீட்டின் புகைவாடை ஏறியது.

பிங் போகிறது, பதிலும் வருகிறது.
'கணக்கு' என்ற ஃபோல்டர் கண்ணில் தெரிகிறது,
தொட்டால் அனுமதி இல்லை.
"சனியாழ்ச்ச வரை கிட்டிச்சே" என்கிறார் லில்லிபாய்,
நனைந்த குடையை யுபிஎஸ் மேல் வைத்தபடி.
முதலில் குடையை எடுத்தேன்.

ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், திரும்பப் போட்டேன்.
சம்பாவுக்குத் தனிக் கடவுச்சொல்;
வாசல் சாவி பீரோவுக்குச் சேராதே.
அதையும் புதிதாய்க் கொடுத்தேன்.
ம்ஹூம்.

கறுப்புத் திரையில் பட்டியல் கேட்டேன்.
ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும்
உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில்
1003.
ஆளை அழித்தால் எண் மிஞ்சும்.

"அது நம்ம ரெஜினாக்கும்.
சனியாழ்ச்ச நிறுத்தியாச்சு.
அன்னைக்கே பேரை எடுக்கச் சொன்னாரு சார்."

ஒரே வரி தட்டினால் போதும்,
எல்லாம் லில்லிபாய் பெயருக்கு மாறிவிடும்.
தட்டப்போன கையைப் பிடித்தார்.
பட்டியலின் அடியில் ஒரு கோப்பு:
'என் பாக்கி நாலு மாசம்'.

"இத மட்டும் விட்டுருங்க.
அவன் பேருலயே கிடக்கட்டு."
பேர் இல்லையே, எண்தான், என்றேன்.
"அப்போ எண்ணுல."

உள்ளறையிலிருந்து முதலாளி:
"கிட்டிச்சாடே?"
கிட்டிச்சு.

ரசீதில், செய்த வேலை என்ற கட்டத்தில்
'ஃபோல்டர் சரிசெய்தது, ஒன்று நீங்கலாக'
என்று எழுதினேன்.
பிறகு கடைசி இரண்டு சொற்களை
அடித்துவிட்டேன்.